நிதி நிறுவனங்களின் வளர்ச்சியை அளவிடுதல் (இந்தியா)

ஒரு நாட்டின் வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் முதலியவை காலப்போக்கில் எவ்வளவு பெருகின, எத்தனை பேரைச் சென்றடைந்தன, எவ்வளவு உறுதியாக நின்றன என்பதை எண்களால் அறிவதே நிதி நிறுவன வளர்ச்சியை அளவிடுதல் ஆகும். இதற்கென ஒரே அளவுகோல் இல்லை. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பத்தாண்டு வளர்ச்சியாகவும் தெரியும், சரிவாகவும் தெரியும்.

நிறுவனங்களின் எண்ணிக்கை

முதலில் தோன்றும் வழி, எத்தனை வங்கிகள் உள்ளன என்று எண்ணுவது. இது பெரும்பாலும் ஏமாற்றும். 1951இல் இந்தியாவில் 566 வணிக வங்கிகள் இருந்தன. 1969இல் 89 மட்டுமே. இதை வீழ்ச்சி என்று சொல்ல முடியாது. சென்னையில் 1906இல் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்ததும், 1907இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட அதுவே தூண்டுதலானதும் பலரும் அறிந்தவை. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி முறிந்தபின், நலிந்த வங்கிகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு வழங்கப்பட்டது. 1962இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. ஆக, வங்கிகளின் எண்ணிக்கை குறைந்த அதே காலத்தில் சேமிப்பவரின் பாதுகாப்பு கூடியது.

ஆழமும் பரவலும்

பொருளியலாளர் ரேமண்ட் கோல்டுஸ்மித் 1969இல் வெளியிட்ட நூலில், நாட்டின் மொத்த நிதிச் சொத்துகளை நிலம், கட்டடம், எந்திரம் முதலிய பருப்பொருள் சொத்துகளோடு ஒப்பிடும் விகிதத்தை முன்வைத்தார். இன்று பெரிதும் வழங்குவது இதன் எளிய வடிவம்: வங்கி வைப்பு அல்லது கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பது. இதை ‘ஆழம்’ என்பர்.

அதே 1969இல் ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அப்போது சுமார் 65,000 பேருக்கு ஒரு கிளை இருந்தது. 1991இல் அது சுமார் 14,000 பேருக்கு ஒன்று என்றானது. இது ‘பரவல்’.

கிளை எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. பூந்தமல்லியை அடுத்து, பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள நசரத்பேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கு குடியிருப்பவர் பூந்தமல்லியிலோ, வேலை பார்க்கும் இடத்திலோ கணக்கு வைத்திருக்கலாம். நெடுஞ்சாலையோரக் கிளை ஒன்று வெளியூர் நிறுவனங்களுக்கே மிகுதியாகப் பயன்படலாம். மேலும், 10,000 பேருக்குக் குறைவான ஊரின் கிளையை ‘ஊரகம்’ என்றும், அதற்கு மேல் ஒரு லட்சத்துக்கு உட்பட்டால் ‘சிறுநகரம்’ என்றும் ரிசர்வ் வங்கி வகைப்படுத்துகிறது. மக்கள்தொகை கூடினால், ஒரு கிளையும் மூடாமலே ஊரகக் கிளைகளின் கணக்கு குறைந்துவிடும். போதாக்குறைக்குத் திருவள்ளூர் மாவட்டமே 1997இல்தான் உருவானது. அதற்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரங்களை அப்படியே இணைத்துப் படிக்க இயலாது.

கடன் யாரிடம் வாங்கப்பட்டது

நாட்டின் நிதி வரலாற்றை மிக நேர்மையாகக் காட்டுவது இந்த அளவுகோல்தான் எனலாம். வங்கியிடம் கேட்காமல், கடன்பட்ட குடும்பத்திடம் கேட்பது இதன் சிறப்பு. 1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் வணிக வங்கிகளின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை என்றும், கூட்டுறவுகளின் பங்கு சுமார் 3 சதவீதமே என்றும் கண்டது. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் திருவள்ளூரை அடுத்த திரூரில் பதிவாகி அரை நூற்றாண்டு ஆகியும் நிலை அதுவே. சுமார் 70 சதவீதம் வட்டிக்கு விடுவோரிடமே வாங்கப்பட்டது.

பின்வந்த ஆய்வுகளின்படி, ஊரகக் கடனில் முறைசார் நிறுவனங்களின் பங்கு 1971இல் 29 சதவீதம், 1981இல் 61, 1991இல் 64. பிறகு 2002இல் 57 ஆகக் குறைந்தது. கவனிக்க வேண்டியது: அதே தொண்ணூறுகளில் உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்ட வங்கி வைப்பு உயர்ந்துகொண்டிருந்தது. ஆழத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது வளர்ச்சிக் காலம். விதைக்கும் உரத்துக்கும் கடன் தேடியவருக்கோ மீண்டும் வட்டிக்காரர் வாசல்.

2019இல் இப்பங்கு 66 சதவீதம். ஆனால் இதில் வங்கியல்லா நிதி நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் அடங்கும். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனும், வாரந்தோறும் வீட்டு வாசலில் தவணை வசூலிக்கும் குழுக்கடனும் இங்கே ஒரே வரிசையில் சேர்கின்றன. தனியாரின் கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் இயற்றிய தமிழ்நாடு, 2025இல் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகவும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அடகுக்கடையில் இருந்த நகை வங்கிப் பெட்டகத்துக்கு மாறினால் வட்டி குறையலாம். கடன் அடைந்துவிட்டது என்று பொருளல்ல.

கணக்கும் பயன்பாடும்

உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வின்படி, கணக்கு வைத்திருந்த இந்தியப் பெரியவர்கள் 2011இல் 35 சதவீதம், 2017இல் 80 சதவீதம். இடையில் 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன்தன் திட்டம் தொடங்கியது. இவ்வளவு விரைவான மாற்றம் எங்கும் அரிது. ஆயினும் 2017இல் அக்கணக்குகளில் ஏறத்தாழப் பாதி, முந்தைய ஓராண்டில் பணம் போடவோ எடுக்கவோ பயன்படவில்லை. பூச்சிய இருப்புக் கணக்குகளைக் குறைத்துக் காட்ட, சில கிளைகளில் ஊழியர்களே ஒவ்வொரு ரூபாய் செலுத்தியதாக 2016இல் செய்திகள் வந்தன. அளவுகோலே இலக்காகிவிட்டால் இப்படித்தான் நேரும்.

ரிசர்வ் வங்கி 2021 முதல் வெளியிடும் நிதி உள்ளடக்கக் குறியீடு இக்குறையை ஓரளவு கருத்தில் கொள்கிறது. 0 முதல் 100 வரையான இதில் அணுகலுக்கு 35, பயன்பாட்டுக்கு 45, தரத்துக்கு 20 சதவீத எடை. வங்கி, முதலீடு, காப்பீடு, அஞ்சலகம், ஓய்வூதியம் சார்ந்த 97 குறியீடுகள் இதில் அடக்கம். 2017 மார்ச்சில் 43.4 ஆக இருந்தது, 2021இல் 53.9 ஆகவும் 2025இல் 67.0 ஆகவும் உயர்ந்தது. இது நாடு முழுமைக்குமான ஒற்றை எண். பதிவுபெறாத ஏலச்சீட்டும், அக்கம்பக்கத்துக் கைமாற்றும் இதில் வாரா.