புது வண்டியின் துடிப்பு எத்தனை நாளைக்கு?



ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்லப் போவது உடனே விளங்கும். பட்டணத்திலிருந்து ஒரு விருந்தாளி வருகிறார். லயத்து வாசலில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க இந்த நாற்றம், எப்படித்தான் இருக்கிறீங்களோ!" என்கிறார். நமக்கோ ஒரு வாடையும் தெரிவதில்லை. ஆலையின் நெடி குறைந்துவிட்டதா? இல்லவே இல்லை. நம் மூக்குதான் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திக்கொண்டது.

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்தவன் மூக்கைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். இன்று நாம் ஆராயப் போகும் கேள்விக்குப் பாதி விடை அந்த மூக்கில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கிய பெரிய வண்டி முதல் மாதம் தரும் கிளர்ச்சியை, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தும் அதன் என்ஜின் தருமா? தராவிட்டால், மாறியது இரும்பா, மனிதனா?

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன். அவன் தாயார் பால் மரம் வெட்டியே மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்தவர். பையன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, 400 சிசி அளவுள்ள, உயரமான ஒரு வண்டியைத் தவணையில் எடுத்தான். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் தாயார். முதல் மாதம் அவன் ஒவ்வொரு மாலையும் வாசலில் என்ஜினை முடுக்கிவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பான். ஒன்றரை ஆண்டு கழிந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து, "மாமா, என்ஜின் செத்துப் போச்சு. இதைக் கொடுத்துட்டு இன்னும் பெரிசா ஒண்ணு எடுக்கப் போறேன்" என்றான். விற்றால் கிடைக்கும் பணம் மீதிக் கடனுக்கே போதாது. புதுக் கடன் அதன் தலைமேல் ஏறும். தாயார் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் பல ஆண்டுகள் மோட்டார் பழுதுபார்க்கும் வகுப்பில் பாடம் சொன்னவன். "பொறு தம்பி, செத்ததா தூங்குதா என்று முதலில் பார்ப்போம்" என்றேன். என்ன பார்த்தோம் என்பதைச் சொல்லுமுன், இந்த வகை வண்டிகளின் குணத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நம் குடும்பங்களுக்குப் பழக்கமான வண்டி கப்சாய். ஹோண்டா நிறுவனம் 1958-இல் 49 சிசி என்ஜினுடன் வெளியிட்ட சூப்பர் கப் அதன் மூதாதை. 2017-க்குள் அந்தக் குடும்பத்து வண்டிகள் 10 கோடி உற்பத்தியாகிவிட்டன. ஆனாலும் கப்சாயிடம் யாரும் கிளர்ச்சி கேட்டதில்லை. விடியுமுன் வெட்டுக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், எரிவாயுத் தோம்பைக் கட்டி வரவும் அது உதவியது. எதிர்பார்ப்பு இல்லாததால் ஏமாற்றமும் இல்லை.

சாகசப் பயண வண்டி வேறு சாதி. தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் நெடுந்தூரம் போவதற்கென்றே உயரமாகக் கட்டப்பட்டது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த ஆர் 80 ஜி/எஸ் வண்டியை இதன் முன்னோடி என்பார்கள். சுமார் 800 சிசி, 50 குதிரைத்திறன். அதன் வழிவந்த பந்தய வண்டி 1981-இல் பாரிஸ் நகரிலிருந்து ஆப்பிரிக்காவின் டாக்கார் வரை ஓடிய பாலைவனப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. அன்று முதல் இந்த வகைக்கு மவுசு ஏறியது. இதை வாங்குகிறவர்கள் பயணத்துக்கு மட்டும் வாங்குவதில்லை. ஓர் உணர்வுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள். அந்த உணர்வு தேய்ந்தால், பணம் வீணாகிவிட்டதாக நினைக்கிறார்கள்.

என்ஜினின் பலத்தை இரண்டு எண்களால் சொல்வார்கள். ஒன்று குதிரைத்திறன், மற்றொன்று முறுக்குவிசை. தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1955-இல் சென்னையில் புல்லட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிய தொழிலின் பிள்ளை அது. 2016-இல் வந்த முதல் ஹிமாலயனுக்கு 411 சிசி, ஒற்றைச் சிலிண்டர். பிஸ்டனின் குறுக்களவு 78 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் போகும் தூரம் 86 மில்லிமீட்டர். அகலத்தைவிட நடை நீளம். இத்தகைய என்ஜின் வேகமாகச் சுற்றுவதை விரும்பாது. மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும்.

அதன் முறுக்குவிசை 32 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ மூன்றேகால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்குமோ, அவ்வளவு. இந்த உச்ச இழுப்பு நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுற்றுக்குள் கிடைத்துவிடுகிறது. உச்சக் குதிரைத்திறனான இருபத்து நாலரையோ 6,500 சுற்றில்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 4,250 சுற்றிலேயே சுமார் 19 குதிரைத்திறன் கைக்கு வந்துவிடும். உச்சத்தில் முக்கால் பங்குக்கும் மேல், கைப்பிடியை முழுதும் முறுக்காமலே!

என் கருத்தில், கிளர்ச்சி நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. சில என்ஜின்களின் அழகெல்லாம் மேல் சுற்றில் இருக்கும். கடையில் வாங்கிய அன்று ஒரு முறை முறுக்கிப் பார்த்து உடம்பு சிலிர்க்கும். பிறகு? நம் நாட்டு நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 110 கிலோமீட்டர். சாதாரணக் கூட்டரசுச் சாலையில் 90. வேலைக்குப் போகும் வழியில் மூன்று சமிக்ஞை விளக்குகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. பெட்டியில் பூட்டிய நகை போல, அந்தப் பலம் உபயோகத்துக்கு வருவதே இல்லை. தாழ்ந்த சுற்றில் இழுக்கும் என்ஜினோ தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் வளைவுகளில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும், கியரை மாற்றாமலே தூக்கிக்கொண்டு போகும். அந்தச் சுகம் ஏறும் ஒவ்வொரு மேட்டிலும் கிடைக்கும்.

அதற்காக முதல் ஹிமாலயன் குறையில்லாதது என்று சொல்லமாட்டேன். நெடுஞ்சாலையில் 110-ஐத் தொடும்போது அது மூச்சு வாங்கும். அங்கே மேலும் முறுக்கிப் பயனில்லை. 2023-இல் வந்த புது ஹிமாலயனுக்கு 452 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். ஆனால் அந்தப் பலம் 8,000 சுற்றில்தான் முழுதும் வரும். நெடுஞ்சாலைக்கு அது மேல். மெதுவாக மேடேறுகிறவனுக்குப் பழையதன் நிதானம் பிடித்திருந்தால், அதில் தவறில்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் ஓசை இரவு படுத்த சிறிது நேரத்தில் நம் காதுக்கு மறைந்துவிடும். ஒரே சீரான தாளம் என்பதால்தான். உறுமி மேளம் அப்படி மறையுமா? மறையாது, அதன் அடி ஒரே இடைவெளியில் விழுவதில்லை. இதைப் பெரிய நிறுவனங்களும் தெரிந்துவைத்திருக்கின்றன போலும். இரண்டு சிலிண்டர் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு, அதாவது 720 பாகைக்கு, இரண்டு வெடிப்புகள். பழைய முறையில் 360 பாகைக்கு ஒன்றாக அவை சீராக விழும். ஹோண்டா 2016-இல் புதுப்பித்த ஆப்பிரிக்கா ட்வின் வண்டியில் முதல் இடைவெளி 270 பாகை, அடுத்தது 450. பி.எம்.டபிள்யூ. 2018-இல் எஃப் 850 ஜி.எஸ். வண்டியில் சீரான தாளத்தைக் கைவிட்டு இதே வழிக்கு வந்தது. 2020-இல் டிரையம்ஃப் நிறுவனம் டைகர் 900 வண்டியின் மூன்று சிலிண்டர்களையும் சீரில்லாமல் வெடிக்கவைத்தது. மண் பாதையில் பின் சக்கரத்தின் பிடிப்பு கைக்கு நன்றாகத் தெரியும் என்பது ஒரு காரணம்; காதுக்கும் உடம்புக்கும் அந்தத் துடிப்பு சலிக்காது என்பது மற்றொரு காரணம். சீராக ஓடும் ஒன்றைக் காசு செலவழித்துச் சீரற்றதாக்கும் தொழிலை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பையனின் கதைக்குத் திரும்புவோம். "வண்டி புதிதாக இருந்தபோது ஏதாவது ஓர் இடத்தில் அளந்து வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். நல்லவேளை, பெருமையடித்துக்கொண்ட ஒரு கணக்கு அவனிடம் இருந்தது. எங்கள் கோயில் மேட்டில், பாலத்தடியில் மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி முழுதும் முறுக்கினால், கோயில் வளைவுக்குள் 60 வருமாம். அதே பாலம், அதே கியர், அதே ஆள். ஓட்டிப் பார்த்தான்; 48 வந்தது. ஆகவே அவன் சொன்னது முழுதும் மனப்பிரமை அல்ல. இரும்பிலும் ஏதோ குறைந்திருக்கிறது.

முதலில் புகையைப் பார்த்தோம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, உள்ளே தேய்மானம் என்று பொருள். மழைக்காலக் காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் வெறும் நீராவி. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இங்கே நீலம் இல்லை. அடுத்து காற்று வடிகட்டியைக் கழற்றினேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் புழுதி அதில் அடை அடையாக அப்பியிருந்தது. என்ஜினுக்கும் மூச்சு வேண்டும், நேயர்களே. மூக்கை அடைத்துக்கொண்டு மேடேறச் சொன்னால் யாரால் முடியும்? சங்கிலியோ செம்மண்ணும் கிரீசும் கலந்து உப்புத்தாள் போலாகி, விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தளர்ந்த சங்கிலி கெடுதல் என்று பலருக்குத் தெரியும். இறுகிய சங்கிலி அதைவிடக் கெடுதல். ஆள் உட்கார்ந்து வண்டி அமுங்கும்போது அது மேலும் இறுகி, பலத்தைத் தின்பதோடு கியர்ப்பெட்டியின் பேரிங்கையும் தின்னும்.

மூன்றாவதுதான் பெரியது. மேட்டில் முறுக்கும்போது சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. "எண்ணெய் என்ன ஊற்றினாய்?" என்றேன். பட்டறையொன்றில் மலிவாகக் கிடைத்த கார் எண்ணெயாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து வேலை செய்கின்றன. காருக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது; இங்கே தகடுகள் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய் டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற முத்திரை இருக்கும். வாங்குமுன் அதைத் தேடுங்கள். வண்டியோடு வந்த கைப்புத்தகத்தையும் பாருங்கள்.

வால்வு இடைவெளியையும் சரிபார்த்தேன். ஒரு தாளின் தடிப்பளவே உள்ள இடைவெளி அது. நாளாக ஆக அது மாறும். குறைந்துபோனால் சூடேறிய என்ஜின் முடுக்குவதற்கு அடம்பிடிக்கும். இவனுடையது சரியாகவே இருந்தது.

புது வடிகட்டி போட்டு, சங்கிலியைக் கழுவித் தளர்த்தி, எண்ணெயை இரண்டு தடவை மாற்றினோம். செலவு ஒரு மாதத் தவணையில் பாதிகூட ஆகவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். தொட்டி நிறைய எண்ணெய் போடும்போதெல்லாம் ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய லிட்டரையும் எழுதி, முன்னதைப் பின்னதால் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். அந்த எண் இறங்காதவரை என்ஜின் செத்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். வண்டி எடுக்கும்முன் உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும்.

மறு ஞாயிறு கோயில் மேட்டில் ஓட்டினான். 59 வந்தது. ஆனால் இறங்கி வந்தவன் முகத்தில் முதல் மாதத்து வெளிச்சம் இல்லை. "சரியாத்தான் இருக்கு மாமா. ஆனா அன்னைக்கு மாதிரி இல்லையே" என்றான்.

அவன் தாயார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், ஒன்றரை ஆண்டில் ஒரு நாளும் அந்த வண்டியில் ஏறியதில்லை. "அம்மாவை ஒரு தரம் கோயில் வரைக்கும் கூட்டிப் போய் வாயேன்" என்றேன். தலைக்கவசத்தை அவனே மாட்டிவிட்டான். போனார்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பியபோது, அந்த அம்மாள் இரண்டு கையாலும் மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "அம்மாடி, என்ன இழுப்பு இழுக்குது அண்ணே! மேடே தெரியல!" என்றார். பையன் திரும்பி அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்ஜினை நிறுத்தாமல், "இன்னொரு தரம் போலாமாம்மா?" என்று கேட்டான்.