கராம்புத் தைலமும் பற்பாதுகாப்பும்

யாழ்ப்பாணத்து இல்லங்களிலே பல்வலி கண்டவிடத்துக் கராம்பைத் தேடுதல் பழைய வழக்கம். அதன் தைலத்தைப் பஞ்சில் நனைத்துச் சூத்தைப்பல்லில் வைப்பர். இவ்வழக்கத்தின் பயனும் எல்லையும் அறியத்தக்கன.

பற்சிதைவு நுண்கிருமிகளின் செயலாகும். 1924ஆம் ஆண்டிலே கிளார்க் என்பார் சூத்தைப்பற்களிலிருந்து ஸ்திரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்னுங் கிருமியைப் பிரித்தெடுத்தார். இத்தகைய கிருமிகள் வாயிலே தங்கிய சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் வன்மையான மேற்படையாகிய மிளிரியைக் கரைக்கும்.

கராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜினோல் என்னும் பொருளாகும். இலங்கைக் கறுவாவின் இலைத்தைலத்திலும் அதுவே மிகுந்துளது. ஓமத்திலே தைமோல் உண்டு. இவை கிருமிகளின் கலமென்சவ்வைச் சிதைத்து அவற்றை அழிக்குமென்பது ஆய்வுகூடங்களிற் கண்ட உண்மை. தைமோல் முதலியன சேர்ந்த வாய்கொப்புளிநீர், துலக்குதலுக்குத் துணையாய்ப் பற்களிற் படியும் அழுக்கைக் குறைக்கும்.

எனினும், யூஜினோல் நரம்பை மரக்கச்செய்தலால் நோவு தணியுமேயன்றிச் சூத்தை அடையாது. நோவு தணிந்தமையை நோய் தீர்ந்தமையெனக் கொண்டு காலந்தாழ்த்துவோர் பல்லையே இழக்க நேரும். செறிந்த தைலம் முரசைப் புண்ணாக்கும். குழந்தைகள் விழுங்கின் உயிருக்கும் ஊறாம். ஆதலின், தைலம் துணையே. இனிப்பைக் குறைத்தலும், புளோரைட்டுப் பற்பசையால் நாளும் இருமுறை துலக்குதலும், பல்வைத்தியரைக் காலத்தில் நாடுதலுமே பற்களுக்கு உறுதியான காப்பாகும்.