பாடற்படப் போட்டியும் படைப்பாளியும்

செவிக்கு மட்டும் உரியதாக இருந்த பாடல் கண்ணுக்கும் உரியதாகி நெடுங்காலமாயிற்று. திரைப்படக் கதையின் நடுவே வரும் பாட்டை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறன்றி, பெருங்கதை எதனையும் சாராமல், ஒரு பாடலுக்காகவே, அப்பாடல் ஒலிக்கும் நேர அளவுக்கே எடுக்கப்படும் சிறு படமும் உண்டு. அதனை 'மியூசிக் வீடியோ' என்பர். ஈண்டு நாம் பாடற்படம் என்றே வழங்குவோம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் நாளன்று அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் இக்கலை தனித் துறையாக வளர்ந்தது. அந்நாளில் பாடற்படம் ஒன்றை இயக்கும் வாய்ப்பு, இசைத்தட்டு நிறுவனங்களின் வாயிலை நெருங்க முடிந்த சிலருக்கே கிட்டியது. 2005-இல் யூடியூப் தோன்றியது. படம் பிடிக்கும் கருவி முன்னரே மலிந்துவந்தது. இப்போது படத்தை உலகுக்குக் காட்டும் வழியும் எளிதாயிற்று. இதன் பயனாகப் பாடகர்களும் இசைக்குழுவினரும், "எங்கள் பாடலுக்கு நீங்கள் படம் எடுத்து அனுப்புங்கள்; சிறந்ததற்குப் பரிசளிப்போம்" என்று இணையத்தின் வாயிலாக அழைக்கலாயினர். நாகபுரியிலோ மதுரையிலோ வாழும் ஓர் இளைஞர், கடல் கடந்த ஓர் இசைக்குழுவின் பாடலுக்குத் தம் வீட்டு மாடியிலேயே படம் எடுத்து அனுப்பலாம் என்னும் நிலை வந்தது.

இவ்வழைப்பு இனிமையானதே. ஆயினும், பலர் உழைக்க, மிகச் சிலரே பரிசு பெறும் ஏற்பாடு இது என்பதை மறத்தலாகாது. ஆகவே, இதில் இறங்க எண்ணும் படைப்பாளி, 'வென்றால் என்ன கிடைக்கும்?' என்று கேட்பதற்கு முன்னர், 'தோற்றால் நம் கையில் என்ன எஞ்சும்?' என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவை இங்கே சிறிது ஆராய்வோம்.

இருவகைப் போட்டிகள்

இப்போட்டிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில், படத்தின் கருத்தையும் அதற்குரிய சில வரைவுகளையும் மட்டுமே கேட்பார்கள். அக்கருத்து தேர்ந்தெடுக்கப்பட்டால் படமெடுக்கப் பணம் தருவார்கள். இரண்டாவது வகையில், முற்றுப்பெற்ற படத்தையே அனுப்பச் சொல்வார்கள். செலவு முழுவதும் படைப்பாளியுடையது.

முதல் வகைக்கு நல்ல சான்று 2008-இல் நடைபெற்றது. இங்கிலாந்தின் ரேடியோஹெட் இசைக்குழு, 'இன் ரெயின்போஸ்' என்னும் தன் இசைத்தொகுப்பின் பாடல்களுக்கு உயிரோவியப் படம் அமைக்கும் போட்டியை 'அனிபூம்' என்னும் இணையத்தளத்தின் துணையோடு நடத்தியது. முதலில் 'ஸ்டோரிபோர்டு' எனப்படும் காட்சி வரைவுகளை மட்டும் கேட்டார்கள். அவற்றுள் தேர்ந்தவர்கள் சிறு தொகை பெற்று ஒரு நிமிடப் படம் செய்தார்கள். பரிசு 10,000 டாலர், ஒருவருக்கே என்று முன்பு அறிவித்திருந்தனர். முடிவில் நான்கு படங்களைத் தேர்ந்து, நால்வருக்கும் அத்தொகையை வழங்கினர். படிப்படியாகச் செல்லும் இம்முறையில், முதற்படியில் விலகியவர் இழந்தது சில நாள் உழைப்பும் சில தாள்களும் மட்டுமே.

2017-ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றொரு போட்டியும் நினைக்கத்தக்கது. பாடகர் எல்டன் ஜான், கவிஞர் பெர்னி டாபின் ஆகிய இருவரும் இணைந்து பணியாற்றத் தொடங்கி ஐம்பதாண்டு நிறைவதை ஒட்டி, யூடியூப் துணையோடு அது நடைபெற்றது. 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த மூன்று பாடல்களுக்கு அதுவரை முறையான பாடற்படம் இல்லை. அம்மூன்றுக்கும் கருத்துகளை அனுப்புமாறு உலகெங்கும் உள்ள படைப்பாளிகளை அழைத்தனர். அவற்றுள் 'ராக்கெட் மேன்' என்னும் பாடல், குடும்பத்தைப் பிரிந்து விண்வெளிக்குச் செல்லும் ஒருவனின் தனிமையைக் கூறுவது. அப்பாடலுக்கு வென்றவர் மஜீத் ஆதீன் என்னும் ஓவியர். ஈரானிலிருந்து அகதியாக வெளியேறி, பிரான்சு நாட்டின் கலே நகர முகாமில் தங்கி, பின்னர் இங்கிலாந்தை அடைந்தவர் அவர். விண்வெளி வீரனின் தனிமையில் அவர் நாடிழந்த மனிதனின் தனிமையைக் கண்டார். தம் சொந்தப் பயணத்தையே அப்பாட்டின் படமாக்கினார். ஸ்டீபன் மக்னாலி என்பார் உடனிருந்து இயக்க, உருவான அப்படம் 2017-ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பெற்றது.

இதில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அவரிடம் பெரிய நிலையமும் பொருளும் இல்லை. பாடலைப் பற்றிப் பிறர் எவரும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லும் தகுதி இருந்தது. கருத்தை மட்டும் வேண்டிய போட்டியாதலால், அத்தகுதி முதலில் வெளிப்பட்டது. பணம் பின்னர் வந்தது.

இரண்டாவது வகைக்கு, பிங்க் பிளாய்டு இசைக்குழு 2023-இல் நடத்திய போட்டியைக் கூறலாம். 1973-இல் வெளியான 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' என்னும் இசைத்தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி அது அறிவிக்கப்பட்டது. தொகுப்பில் உள்ள பத்துப் பாடல்களுக்கும் உயிரோவியப் படங்கள் கேட்கப்பட்டன. நடுவர்களுள் அக்குழுவின் முரசுக் கலைஞர் நிக் மேசனும் இருந்தார். வென்ற படங்களுள் ஒன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் துணையால் ஆக்கப்பட்டது என்பதனால் 2024-இல் ரசிகர் பலர் குறைகூறினர். கையால் வரைந்து தோற்றவரின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். எக்கருவியைக் கொண்டு படைக்கலாம், எதனைக் கொள்ளலாகாது என்பதைப் போட்டி விதிகளில் முதலிலேயே தேடிப் படித்துக்கொள்வது இந்நாளில் இன்றியமையாததாகிவிட்டது.

உழைப்பின் அளவு

முற்றுப்பெற்ற படம் ஒன்றை ஆக்குவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு நிமிடப் பாடல் என்பது 240 நொடி. நொடிக்கு 24 படங்கள் என்றால் மொத்தம் 5,760 படங்கள். உயிரோவியக் கலைஞர்கள் ஒரே ஓவியத்தை இரண்டு படங்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். அங்ஙனம் செய்தாலும் 2,880 ஓவியங்கள் தேவை. நாளொன்றுக்கு இருபது ஓவியம் வரையும் ஒருவருக்கு இது 144 நாள் வேலை. ஏறத்தாழ ஐந்து திங்கள்! போட்டிக்கு இரண்டு திங்கள் தவணை தந்திருந்தால், ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் உத்தியை முதல் நாளிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்களை நடிக்கவைத்து எடுக்கும் படத்தில் வேறு வகைச் சிக்கல் உண்டு. படப்பிடிப்பு இடத்தில் பாடலை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைக்கச் செய்வர். உதட்டசைவு சிறிது பிழைத்தாலும் பார்ப்பவர் கண் உடனே கண்டுகொள்ளும். கனவிலே மிதப்பதுபோல் மெல்ல அசையும் காட்சி வேண்டுமாயின், பாடலை இருமடங்கு விரைவில் ஒலிக்கவிட்டு, நொடிக்கு 48 படங்களாக எடுத்து, பின்னர் 24 படங்களாக ஓட்டுவர். உடல் மெதுவாக அசையும். உதடோ பாட்டோடு பொருந்தி நிற்கும். இத்தகைய நுட்பங்கள் பொருட்செலவின்றியே படத்திற்கு மெருகூட்டுவன. அழகிய மலையும் விலை உயர்ந்த உடையும் தரமாட்டாத சிறப்பை இவை தரும்.

பாடல் யாருடையது?

இனி, பெரும்பாலோர் கவனியாது விடும் பகுதிக்கு வருவோம். ஒரு பாடலில் பல உரிமைகள் அடங்கியுள்ளன. சொற்களுக்கு உரிமையாளர் ஒருவர். மெட்டுக்கு உரிமையாளர் ஒருவர். அப்பாடலைப் பதிவு செய்த ஒலிக்கு உரிமையாளர் பிறிதொருவர். படத்தோடு பாடலை இணைப்பதற்கு இவர்கள் அனைவரின் இசைவும் வேண்டும். போட்டியை நடத்துவோர் அவ்விசைவைப் பெற்றுத் தருகின்றனர். ஆனால் அது பெரும்பாலும் அப்போட்டிக்காக மட்டுமே, குறித்த காலத்துக்கு மட்டுமே தரப்படும் இசைவாகும்.

இதன் விளைவு யாது? நம் இளைஞர் ஐந்து திங்கள் உழைத்துப் படத்தை அனுப்புகிறார் என்று கொள்வோம். பரிசு கிட்டவில்லை. படத்தின் காட்சிகள் அவருடையவை, பாடலோ அவருடையதன்று. அப்படத்தைத் தாமே இணையத்தில் வெளியிட்டால், அதிலுள்ள பாடலை இயந்திரமே கண்டறிந்து உரிமையாளருக்கு அறிவிக்கும் முறை யூடியூபில் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமையாளர் விரும்பினால் படத்தைத் தடுக்கலாம். அல்லது அதனால் வரும் வருவாயைத் தாமே பெறலாம். குரலை இழந்த உடல்போல் அப்படம் கிடக்கும்.

ஆகவே, படம் எடுக்கத் தொடங்குமுன் விதிகளில் தேடவேண்டிய முதல் வரி இதுவே: பரிசு பெறாத படத்தைப் படைப்பாளி தம் திறனுக்குச் சான்றாகப் பாடலுடன் காட்டலாமா? 'காட்டலாம்' என்று தெளிவாக எழுதியிருந்தால், தோல்வியிலும் ஓர் ஊதியம் உண்டு. எழுதப்படவில்லையெனில், நடத்துவோருக்கு எழுதிக் கேட்டு விடையைப் பத்திரப்படுத்திக்கொள்ளுதல் நன்று.

படம் யாருடையது?

பாடலைப் போலவே படத்துக்கும் உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி, திரைப்படத்தின் படைப்பாளி எனக் கருதப்படுபவர் தயாரிப்பாளரே, இயக்குநர் அல்லர். படத்தை ஆக்கும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவரே தயாரிப்பாளர் என்பது சட்டம் தரும் விளக்கம். தாமே முயன்று, தாமே பொறுப்பேற்று எடுப்பவருக்கு இதில் இடரில்லை. நண்பர் நால்வர் கூடி எடுக்கும்போதுதான் இடர் தோன்றும். ஒருவர் கருவி கொணர்வார், ஒருவர் பணம் தருவார், ஒருவர் இயக்குவார். பரிசு வந்த பின் 'தயாரிப்பாளர் யார்?' என்று கேட்டால் நட்பே முறியக்கூடும். படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் நான்கு வரி எழுதி நால்வரும் ஒப்பமிடுவது நட்புக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. நடிப்போரிடமும், இடம் தருவோரிடமும் அவ்வாறே எழுத்தில் இசைவு பெறுதல் வேண்டும்.

உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில், தருபவரின் ஒப்பத்தோடு இருத்தல் வேண்டும் என்றும், கால அளவு குறிக்கப்படாவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும் என்றும், எந்நிலப்பரப்புக்கு என்பது குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்றும் நம் சட்டம் கூறுகிறது. இவை படைப்பாளிக்குக் காப்பாக அமைந்தவை. ஆனால் வெளிநாட்டார் நடத்தும் போட்டிகளில், வழக்கு நேரின் தங்கள் நாட்டுச் சட்டமே செல்லும் என்று விதி வகுத்திருப்பர். 'எக்காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்களும் அவ்விதிகளில் காணப்படும். 'ஒப்புக்கொள்கிறேன்' என்னும் கட்டத்தில் விரல் வைப்பது நொடிப்பொழுது வேலை; அதன் பொருளோ நெடுங்காலம் தொடர்வது.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வென்ற படத்தின் உரிமையைப் பரிசுத்தொகைக்கு ஈடாகக் கேட்பது ஒரு வாணிகம். அதனை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். அனுப்பப்பட்ட படங்கள் அனைத்தின் உரிமையையும், தோற்றவருக்கு யாதொன்றும் தராமலே, தமதாக்கிக்கொள்ளும் விதி நியாயமன்று. அத்தகைய விதியைக் கண்டால் விலகி நிற்பதே தக்கது.

தேர்வு முறை

தேர்ந்த நடுவர்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்யும் போட்டி ஒருவகை. பொதுமக்களின் வாக்கால் முடிவு செய்வது மற்றொரு வகை. வாக்கு முறையில், நல்ல படம் எடுத்தவரைவிட நண்பர் கூட்டம் மிகுந்தவர் வெல்லுதல் இயல்பு. போட்டியாளர்கள் தம் சுற்றத்தாரை யெல்லாம் அழைத்து வாக்களிக்கச் செய்வர். பாடலுக்குச் செலவில்லாமலே விளம்பரம் கிட்டும். நடத்துவோருக்கு அது ஆதாயம் என்பதை உணர்ந்துகொண்டு அதில் இறங்குவது தவறன்று. உணராமல் இறங்குவதே தவறு.

நடுவர் முறையில், அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்களைப் பார்க்க வேண்டியவர் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். ஒரே பாடலை மீண்டும் மீண்டும் கேட்டுச் சலித்த செவியுடன் அவர் நம் படத்தைக் காண்கிறார். பாட்டின் சொல்லையே காட்சியாக்கி, மழை என்றால் மழையையும் நிலவு என்றால் நிலவையும் காட்டும் படங்களை அவர் முன்னரே பல கண்டிருப்பார். பாட்டில் சொல்லப்படாததைக் காட்டும் படமே அவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

முடிவாக, போட்டியில் இறங்க விரும்புவோர்க்கு நாம் கூறுவது இதுவே. கருத்தை மட்டும் வேண்டும் போட்டிகளில் துணிந்து இறங்குக. அவற்றில் இழப்பு சிறிது. முழுப்படம் வேண்டும் போட்டிகளில், விதிகளை இருமுறை படித்து, நாட்களைக் கணக்கிட்டு, பாடல் நீங்கினாலும் நிற்கக்கூடிய காட்சிகளை ஆக்க முயல்க. பாடல் இரவலாக வந்த பொருள். ஒரு நாள் அதனைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதன்பொருட்டு நாம் கற்ற கலையும், கண்ட காட்சியும், கூடிய நண்பர்களும் நம்முடையவை. அவை நம்மிடம் தங்குமாறு பணியாற்றுபவருக்குப் பரிசு கிட்டாவிடினும் உழைப்பு வீணாவதில்லை.