வெண்கோடு காவலாகுமா?

நகரச் சாலையின் ஓரத்தில் வெண்கோடு ஒன்றை இட்டு, அதனுள் சைக்கிளின் உருவத்தைத் தீட்டி, 'இது சைக்கிள் செல்வோருக்குரிய பாதை' என ஒதுக்கும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. இதற்குச் செலவு குறைவு. வேலையும் விரைவில் முடியும். எனினும், அக்கோடு உண்மையாகவே காவல் தருகின்றதா?

ஆஸ்திரேலியாவிலும் நம் நாட்டைப் போலவே வண்டிகள் இடப்புறமாகச் செல்கின்றன. அங்கே மெல்போர்ன் நகரில் 60 பேருடைய சைக்கிள்களில் பக்கவாட்டு இடைவெளியை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. மோட்டார் வண்டிகள் அவர்களைக் கடந்த 18,527 தடவைகள் பதிவாயின. 17 தடவைக்கு ஒன்று வீதம் இடைவெளி ஒரு மீட்டருக்கும் குறைவாக இருந்தது. 2019-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. கோடும், நிறுத்திய வண்டிகளும் இல்லாத சாலையைக் காட்டிலும், கோடிட்ட சாலையில் இடைவெளி சராசரி 27 சென்டிமீட்டர் குறைந்தது. கோட்டுடன் ஓரத்தில் கார்களும் நின்றிருந்தால் 40 சென்டிமீட்டர் குறைந்தது!

இதன் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. கோடு இல்லாதபோது ஓட்டுநர் தாமே கணித்து விலகிச் செல்ல வேண்டும். கோடு இருப்பின், அதைத் தாண்டாதிருப்பதே போதுமென எண்ணி நேரே செல்கிறார். சைக்கிளில் செல்பவரோ, நின்ற காரின் கதவு திடீரெனத் திறக்குமென அஞ்சிக் கோட்டை ஒட்டியே செல்கிறார். ஆகவே இரு புறமும் நெருக்கடியாகிறது.

இதனால் கோடே பயனற்றது என்று முடிவு செய்தல் தவறாகும். கனடாவின் டொரான்டோ, வான்கூவர் நகரங்களில் காயமுற்ற 690 பேர் சென்ற வழிகளை ஆராய்ந்து, விபத்து நேர்ந்த இடத்தை அதே பயணத்தின் வேறோர் இடத்துடன் ஒப்பிட்டனர். ஓரத்தில் கார்கள் நிற்பதும், சைக்கிளுக்கென வசதி ஏதும் இல்லாததுமான பெருஞ்சாலையில் உள்ள அபாயம் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. கார்கள் நிற்காத, கோடிட்ட பெருஞ்சாலையில் அபாயம் அதில் ஏறத்தாழப் பாதியாகவும், தடுப்பினால் பிரிக்கப்பட்ட தனிப்பாதையில் ஒன்பதில் ஒரு பங்காகவும் இருந்ததென 2012-இல் வெளியிட்டனர்.

ஆதலின், கோடு இடத்தைச் சுட்டும். தடுப்பே இடத்தைக் காக்கும். கோடு இடும் ஊழியர்கள், அங்கு வண்டி நிறுத்துவது தடுக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். நின்ற காரின் கதவு எட்டாத தொலைவில் செல்லுமாறும், கோட்டை நம்பிக் கவனம் தளராதிருக்குமாறும் ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பித்தல் நலம்.