வினைக்குக் காத்திருக்கும் மனம்

“சீதா அரியிடம் ரவியைப் புத்தகம் வாங்கச் சொல்லும்படி கூறினாள்” என்னும் வாக்கியத்தில் மூன்று மனிதரும் ஒரு புத்தகமும் வந்து சேர்ந்த பின்னரே முதல் வினை தலைகாட்டுகிறது; ஆயினும் வாங்குபவன் யார், சொல்பவன் யார், கூறியவள் யார் என்பதில் தமிழறிந்தவர் மயங்குவதில்லை. இவ்வளவையும் மனம் எவ்விதம் தாங்குகிறது என்னும் விசாரணைக்குத் தில்லியோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு.

அங்கே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பயின்ற சிரவண் வசிஷ்ட், இத்தகைய இந்தி வாக்கியங்களையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர். அவரும் ரிச்சர்ட் லூயிஸும் 2005-இல் வெளியிட்ட கணினி மாதிரியின்படி, கேட்ட சொல் ஒவ்வொன்றும் ஞாபகத்தில் ஒரு பதிவாகி, நேரம் செல்லச் செல்ல வலிமை குன்றுகிறது. வினை வந்ததும் தனக்குரிய பெயரின் லட்சணங்களைக் கொண்டு அதை மீட்டெடுக்க முயல்கிறது. ஒரே சாயலுள்ள பெயர்கள் பல இருப்பின் மீட்பு தடுமாறித் தாமதமாகிறது. அத்தாமதத்தை மாதிரி மில்லிசெகண்டுக் கணக்கில் முன்னறிவிப்பதால், மனிதர் ஒரு சொல்லைப் படிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டு அதன் பிழையைக் காட்டிவிடலாம். பொய்யென்று நிரூபிக்க இடம் தருவதே இதன் பெருஞ்சிறப்பு என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஞாபகம் ஒன்றே காரணமானால், பெயருக்கும் வினைக்கும் இடையே தூரம் மிகுந்தோறும் சிரமமும் மிகவேண்டும். தில்லி ஐ.ஐ.டி.யின் சமர் ஹுசைன், வசிஷ்டுடனும் நாராயணன் ஸ்ரீநிவாசனுடனும் 2014-இல் வெளியிட்ட பரிசோதனை வேறொன்றைக் காட்டிற்று. இந்தியில் ‘கயால்’ என்றதும், நம்மிடம் ‘ஞாபகம்’ என்றதும் ‘வைத்துக்கொள்’ தோன்றுவதுபோல, ‘ரக்னா’ என்னும் வினையை மனம் எதிர்நோக்குகிறது. ‘கிதார்’ என்ற சொல் அவ்வாறு எந்த வினையையும் உறுதியாக அழைப்பதில்லை. இடையே சொற்களைச் செருகித் தூரத்தை நீட்டியபோது, கிதாருக்குப் பின்வந்த வினையைப் படிப்பது தாமதமாகும் போக்குத் தென்பட்டது. எதிர்பார்ப்பு வலுவாயிருந்த இடத்திலோ விரைவாயிற்று.

எதிர்பார்ப்பும் எண்ணாகும்: ஒரு சொல் வரும் சாத்தியம் குறையக் குறைய அதன் வியப்பளவு ஏறும் என்ற கணக்கை ஜான் ஹேல் 2001-இல் வகுத்தார். பேசுவோர், எழுதுவோர் மனத்தை அறியவும் அது உதவுகிறது. அதே ஐ.ஐ.டி.யில் சித்தார்த் ரஞ்சனும் சுமீத் அகர்வாலும், ராஜகிருஷ்ணன் ராஜ்குமாருடன் சேர்ந்து, இந்திப் பத்திரிகை வாக்கியங்களின் சொல்வரிசையைப் பலவாறு மாற்றிவைத்து, மனிதர் எழுதிய வரிசையை இயந்திரம் இனங்காணுமா என்று சோதித்தபோது, வியப்புக் கணக்கே பெருந்துணை புரிந்தது.

இத்துறையின் கொள்கைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்தவை. வினையை இறுதியில் நிறுத்தும் மொழிகளே அவற்றுக்கு உரைகல். இந்திக்குத் தில்லியில் நடந்த வேலை தமிழுக்கும் விரிவாக நடக்கவேண்டும். மொழியிலும் கணிதத்திலும் ஒருங்கே பற்றுள்ள நம் மாணவர்கள் இதில் இறங்குவார்களாக.