ஆளந்திப் படத்தில் தெரியும் வெள்ளை

ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஆறு வெள்ளையாக இருக்கிறது. படித்துறையின் கடைசிப் படிகள் அந்த வெள்ளைக்குள் புதைந்துவிட்டன. கழுத்தில் துளசி மாலை போட்ட பெரியவர் ஒருவர் இடுப்பளவு அதற்குள் நின்று கைகூப்புகிறார். பின்னால் கோயில் சிகரம், அதற்கும் பின்னால் விடிகாலை வெளிச்சம். புனே பக்கத்தில், பிம்ப்ரியை அடுத்த ஆளந்தியில், இந்திராயணி ஆற்றங்கரையில் எடுத்த இப்படிப்பட்ட படங்கள் சில ஆண்டுகளாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க்கொண்டிருக்கின்றன. பார்த்தவுடன் சிலர் இமயமலையா என்று கேட்கிறார்கள். சிலர் கணினி வரைந்த பொய்ப்படம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டும் இல்லை. அது நுரை. கனவு போலத் தெரியும் அந்தக் காட்சி, அன்றைக்கு அந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. அதனால் இந்தப் படத்தை நின்று பார்க்க வேண்டும். விசித்திரமாகத் தெரிகிற பகுதியிலிருந்தே கேள்வியைத் தொடங்கலாம்: இவ்வளவு நுரை எப்படி வந்தது?

தண்ணீர் தானாக நுரைத்து நிற்காது. அருவியில் விழும் தூய நீரிலும் குமிழிகள் உண்டாகும். ஆனால் அதன் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் நொடியில் உடைந்துவிடும். சலவைத் தூளிலும் பாத்திரம் துலக்கும் திரவத்திலும் இருக்கும் அழுக்கு நீக்கி வேதிப்பொருள் கலந்தால் கதை மாறுகிறது. அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். அதனால் அவை குமிழியின் மெல்லிய சுவரில் வரிசைகட்டி நின்று, சுவரிலிருந்து நீர் வடிவதைத் தாமதப்படுத்துகின்றன. குமிழி உடையாமல் நிற்கிறது. கழிவுநீரிலுள்ள எண்ணெய்ப்பசையும் புரதமும் நூல்போல வளரும் சில பாக்டீரியாக்களும் அந்தச் சுவரை இன்னும் கெட்டியாக்கும். மிச்சம் தேவைப்படுவது காற்று. அதைத் தடுப்பணை தருகிறது. மேலேயிருந்து விழும் நீர் காற்றை உள்ளே இழுத்துக் கடைகிறது. நுரைப் படங்கள் பெரும்பாலும் தடுப்பணைக்குக் கீழேயே எடுக்கப்பட்டிருப்பது இதனால்தான். அணைக்கு மேலே அதே நீர் பழுப்பாக, அமைதியாக, யாரும் படமெடுக்கத் தோன்றாத மாதிரி கிடக்கும்.

அந்த வேதிப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு வரைபடத்தை விரிக்க வேண்டும். இந்திராயணி லோணாவளா அருகே சஹ்யாத்ரி மலையில் பிறக்கிறது. தளேகாவைத் தாண்டி, மராத்திப் பக்திக் கவி துக்காராம் வாழ்ந்த தேஹுவைத் தொட்டு, பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகரின் வட எல்லையாகத் தளவடே, சிக்கலி, மோஷி வழியே ஓடி ஆளந்திக்கு வருகிறது. அதே மரபின் மூத்த கவி ஞானேஸ்வரர் 1296-இல் சமாதியடைந்த ஊர் அது. ஊருக்கு ஊர் கழிவுநீர் சேர்கிறது. பிம்ப்ரி பகுதியில் வீட்டுக் கழிவுநீரோடு சிறு பட்டறைகளின் கழிவும் நாலாக்கள் எனப்படும் ஓடைகள் வழியே இறங்குகிறது. சிக்கலியின் குதள்வாடியில் நெருக்கியடித்து நின்ற பழைய பொருள் கிடங்குகளையும் பட்டறைகளையும் 2025 பிப்ரவரியில் மாநகராட்சி பெரிய அளவில் இடித்துத் தள்ளியது. ஆற்று மாசும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆனால் பட்டறைகளை மட்டும் கைகாட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. பிம்ப்ரிவாசிகளான நம் குழாயில் வரும் நீரில் பெரும்பங்கு பவனா அணையிலிருந்து வருவது. ரவேத்தில் எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அந்த நீரில் துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். பிறகு வீடு இருக்கும் பக்கத்தைப் பொறுத்து அது பவனாவுக்கோ இந்திராயணிக்கோ போகிறது. சுத்திகரிப்பு நிலையம் வழியாகப் போனால் பாதகம் குறைவு. போகாவிட்டால், ஆளந்திப் படத்தின் வெள்ளையில் நம் வீட்டுச் சலவைத் தூளும் இருக்கிறது.

சுத்திகரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய அனுபவம் உலகத்துக்கு உண்டு. 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செயற்கைச் சலவைத் தூள் வீடு வீடாகப் புகுந்தபோது, அங்கும் ஆறுகளில் நுரை மலைகள் எழுந்தன. அன்றைய தூளில் இருந்த மூலக்கூறு கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. பாக்டீரியாவால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961-இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-இல் கிளையில்லாத, எளிதில் சிதையும் மூலக்கூறுக்கு மாறினார்கள். நுரை அடங்கியது. இன்று நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் விற்பதும் அந்த இரண்டாவது வகைதான். அப்படியிருந்தும் நுரைக்கிறதே என்றால், அது சிதைவதற்கு ஆக்சிஜன் வேண்டும். சாக்கடை கலந்து மூச்சுமுட்டிக் கிடக்கும் ஆற்றில் ஆக்சிஜன் இல்லை. காற்றூட்டும் தொட்டியில் சில மணி நேரத்தில் பெருமளவு சிதைய வேண்டிய பொருள், ஆற்றில் அப்படியே மிதந்து வருகிறது. அதாவது சலவைத் தூளின் வேதியியல் ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கணக்கு. தீராமல் இருப்பது குழாய்களும் சுத்திகரிப்பும்.

குளிர்காலத்திலும் கோடையிலும் ஆற்றில் ஓட்டம் குறைவு. கழிவை நீர்த்துப்போகச் செய்ய நல்ல நீர் இல்லை. ஜூனில் முதல் மழை விழும்போது, அதுவரை நாலாக்களில் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக அடித்துக்கொண்டு வரும். வாரி என்னும் பண்டரிபுர யாத்திரைக்கு ஞானேஸ்வரரின் பால்கி (பல்லக்கு) ஆளந்தியிலிருந்து புறப்படுவதும் ஏறக்குறைய அந்தச் சமயம். கார்த்திகை ஏகாதசிக் கூட்டமோ மழை ஓய்ந்து ஓட்டம் வடியத் தொடங்கும் பருவத்தில் வருகிறது. நுரையும் கூட்டமும் ஒரே படத்தில் சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

அந்த நீரில் முழுகுகிறவர்களைக் கேலி செய்யும் வழக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களில் பலர் மராட்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் வருகிறவர்கள். அந்த நுரையில் அவர்கள் பங்கு ஒரு துளி கிடையாது. தலைமுறைகளாக முன்னோர் முழுகிய படித்துறையில் அவர்களும் முழுகுகிறார்கள். படத்தில் தெரிவது அவர்கள் முகம்; நுரையை உண்டாக்கிய நகரத்தின் முகம் படச்சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. சிரிப்பு தவறான ஆள்மேல் விழுகிறது, அது எனக்குக் கோபம் தருகிறது. அவர்கள் நடந்து போகும் பண்டரிபுரத்துக்கு இந்த நீரும் போய்ச் சேர்கிறது: இந்திராயணி துளாப்பூரில் பீமாவில் கலக்கிறது, பீமா உஜனி அணையைக் கடந்து பண்டரிபுரத்தில் சந்திரபாகாவாக ஓடுகிறது.

தமிழ்நாட்டிலும் இதே காட்சி உண்டு. 2019 டிசம்பர் தொடக்கத்தில், பெருமழைக்குப் பின், மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கடற்கரை முழுக்க நுரை ஒதுங்கியது. குழந்தைகள் அதை அள்ளி வீசி விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீரைத் திறக்கும்போது நுரை பொங்கி வழிவது அடிக்கடி செய்தியாகிறது. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் வழியே வந்து சேர்வது அந்த ஆற்றில்தான். பெல்லந்தூரிலோ 2015-இல் நுரையே தீப்பற்றி எரிந்தது.

எல்லா நுரையும் விஷம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கடலில் பாசிகள் செத்துக் கரையும்போதும், காட்டோடையில் இலைச்சருகு ஊறும்போதும் இயல்பாகவே நுரை வரும். அது பெரும்பாலும் பழுப்பேறியிருக்கும், மண்வாடையோ மீன்வாடையோ வீசும், தொட்டால் அமுங்கிவிடும். பளீரென்ற வெள்ளையாக, சோப்பு மணத்தோடு, ஊருக்குக் கீழே தேங்கி நின்றால் சந்தேகப்படலாம்.

நுரையின் உயரத்தை மட்டும் பார்த்து மாசின் அளவைக் கணிக்கவும் முடியாது. நுரையில் பெரும்பங்கு காற்று. ஒரு வாளி நுரை அடங்கினால் கொஞ்சம் அழுக்கு நீர்தான் மிஞ்சும். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் வேதிப்பொருளும் எண்ணெயும் கிருமியும் கீழுள்ள நீரைவிடச் செறிந்திருக்கும். தோல் அரிப்பும் கண் எரிச்சலும் அதனால் வரலாம். தொலைநோக்கு லென்ஸில் எடுத்தால் தூரத்து நுரையும் கிட்டத்து நுரையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் தெரியும் என்பதையும் மனத்தில் வைக்கவும். புகைப்படக்காரர் பொய் சொல்லவில்லை, நிற்கும் இடத்தைத் தேர்ந்திருக்கிறார்.

படம் காட்டாததுதான் எனக்குப் பெரிய கவலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில், குளிக்கத் தகுந்த ஆற்றில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. மலக்கிருமிக் கணக்கு 100 மில்லிலிட்டருக்கு 2,500-ஐத் தாண்டக்கூடாது. இவற்றில் எதையும் கேமரா பார்க்காது. ஆகஸ்டில் ஆறு நிறைந்து ஓடும்போது நுரை கரைந்துபோகும், படம் அழகாக வரும், கிருமி அப்படியே இருக்கலாம். வாரியத்தின் 2022 அறிக்கை நாட்டில் 311 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளைக் கணக்கிட்டது. அவற்றில் 55 மகாராஷ்டிரத்தில் இருந்தன, எந்த மாநிலத்தையும்விட அதிகம்.

அப்படியானால் அந்தப் படத்தின் அழகை ரசிப்பது தவறா? தவறில்லை என்றே நினைக்கிறேன். கனடாவின் எட்வர்ட் பர்ட்டின்ஸ்கி 1996-இல் சட்பரி நகரருகே நிக்கல் சுரங்கக் கழிவு ஓடையைப் படமெடுத்தார். கரிய நிலத்தில் நெருப்பாறு போல ஆரஞ்சு நிறம். கழிவிலிருந்த இரும்பு காற்றுபட்டுத் துருவேறிய நிறம் அது. அழகாக இல்லாதிருந்தால் அதை யாரும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் படம் எங்கே போனாலும் ஆண்டும் இடமும் பொருளும் தலைப்பிலேயே கூடப் போயின. நம் கைப்பேசிப் படங்களிலிருந்து முதலில் உதிர்வது அந்த விவரம்தான். இடமும் தேதியும் போனபின் ஆளந்தி நுரை ‘இயற்கையின் அதிசயம்’ என்ற பெயரில் திரும்பி வருகிறது.

எனவே படம் கையில் வந்தால், எந்த ஆறு, எந்தத் தடுப்பணை, என்றைக்கு எடுத்தது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். அதே நாளில் வேறு கோணத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள்; பொய்ப்படமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். நீங்களே ஆற்றங்கரையில் நின்றால் தண்ணீரில் இறங்காமல், நுரையை எடுத்த கையோடு கரையோரம் மேலே நடந்து, நாலா வந்து கலக்கும் வாயையும் எடுங்கள். தேதி, நேரம், இடம் குறித்து இரண்டையும் சேர்த்து மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புங்கள். நுரைப்படம் ஊரெல்லாம் சுற்றும். அதிகாரி ஒருவர் நேரில் போய் மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைச் சொல்வது அந்த இரண்டாவது படம்.