ஒசாகாவில் இறங்கிய மூடுபனி

கொடைக்கானல் மலையில் உள்ள பூண்டி கிராமத்துக்கு மூடுபனி தானாகவே வந்து இறங்கும். 1970இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் அதைச் செய்தே காட்டினார் கலைஞர் ஃபுஜிகோ நகாயா. பெப்சி அரங்கின் கூரையிலிருந்து மிக நுண்ணிய துளைகள் வழியே அழுத்தத்தோடு பீய்ச்சிய வெறும் தண்ணீர்தான், ரசாயனம் ஏதுமில்லை. அப்பா உகிசிரோ நகாயா ஆய்வகத்தில் செயற்கைப் பனித்துகளை உருவாக்கிய அறிவியலாளர். மகள் வேறென்ன செய்வார்!

அரங்கின் உள்ளே, முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் பிரமாண்டமான குவிமாடம். வந்தவர்களின் உருவம் தலைகீழாக அந்தரத்தில் மிதந்தது. குவிமாடத்தின் பின்னால் 37 ஒலிபெருக்கிகள். ஓசை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஆளைச் சுற்றிவந்தது. கையில் கொடுத்த கருவியைக் காதில் வைத்து நடந்தால், தரையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனிச் சத்தம்.

அந்த ஒலிமுயற்சியில் முக்கியப் பங்காற்றியவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியுடன் ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்திருந்தார்.

கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்ற இசைக்கலைஞர்கள் அங்கே பதிவுசெய்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2023இல்தான் அவற்றில் சில இசைத்தொகுப்பாக வெளிவந்தன.